ஏரியைத் தூர்த்து எழுந்த தியாகராய நகர்: அன்றைக்குச் சரி, இன்றைக்கு?

மாம்பலத்தான் | சனி, காலை 6.50

அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியை நேற்று ஒழுங்குபடுத்தினேன். அப்பாவின் தாத்தா மேற்கு மாம்பலத்தில் வாங்கிய மனையின் கிரயப் பத்திரம் கிடைத்தது. நான்கெல்லை சொல்லும் இடத்தில் 'கிழக்கே ஏரி உள்வாய்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் கிழக்கில் இப்போது ரயில் பாதை, அதைத் தாண்டினால் ரங்கநாதன் தெரு. உள்வாய் என்பது ஏரிக்குள் தண்ணீர் நிற்கும் பரப்பு. பண்டிகை நாளில் கால் வைக்க இடமில்லாத அந்தத் தெருப்பக்கம் ஒருகாலத்தில் தண்ணீர்.

இரவு முழுவதும் அந்த ஒரு வரி மனத்தை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை தெற்கு வடக்காக நீண்டு கிடந்த அந்த ஏரியை ஆங்கிலேயர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே கிடந்த அந்தத் தண்ணீரில் அவர்கள் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. 1923 வாக்கில் ஏரியின் தண்ணீரை வெளியேற்றி, தரையை நிரப்பி, புதிய குடியிருப்புக்கு வேலை தொடங்கிவிட்டது. பெயர்களைப் பாருங்கள்: தியாகராய நகர், பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை. நீதிக்கட்சிக் காலத்து அரசியலைத் தெருப்பலகைகளிலேயே படித்துவிடலாம். கோவிலைச் சுற்றி மாடவீதி, மாடவீதியைச் சுற்றி சாதிவாரியாகத் தெருக்கள் என்று இருந்த ஊரமைப்புக்குப் பக்கத்தில், பூங்காவை நடுவில் வைத்து அங்கிருந்து சாலைகளைப் பிரித்துவிட்ட ஒரு புது நகர்! நடுவில் கோவில் இருந்த இடத்துக்குப் பூங்கா வந்தது சிறிய மாற்றமல்ல. என் குடும்பம் அந்த மாற்றத்தால் மேலே வந்த குடும்பம். அதை நன்றியோடுதான் சொல்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு மழைக்காலமும் அந்த ஏரி திரும்பி வருகிறது. 2021 நவம்பரில் ஜி.என். செட்டி சாலையில் முழங்காலளவு நீரில் என் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிச் சென்றோம்.

என் கேள்வி இது. ஒரு சமூகம் எதை உயர்வாக நினைத்தது என்று அதன் நகரத் திட்டத்தில் கட்டியவற்றை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். எனக்கு அது போதவில்லை. எதை அது 'சும்மா கிடக்கிறது' என்று நினைத்தது? வரைபடத்தில் எந்த இடம் அதன் கண்ணுக்கு வெறுமையாகத் தெரிந்தது? அங்கேதான் அந்தக் காலத்தின் மனசு இருக்கிறது என்று படுகிறது. உங்கள் ஊர்களில் எப்படி?

வரைமேசை | சனி, காலை 9.15

முப்பத்திரண்டு ஆண்டுகள் நகரமைப்பு வரைபடங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். மாம்பலத்தார் எழுதியது நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் 1923-இல் இருந்தவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

அவர்கள் கண்முன் இருந்த சென்னை எது? ஜார்ஜ் டவுனில் காற்று புகாத நீள வீடுகள், ஒரே முற்றத்துக்குள் நான்கைந்து குடித்தனங்கள். காலரா, பெரியம்மை, மலேரியா. தேங்கிய நீர் என்றால் கொசு, கொசு என்றால் காய்ச்சல் என்பது அன்றைய மருத்துவ அறிவின் உச்சம். பாசனத்துக்காக வெட்டிய ஏரிக்கு ஆயக்கட்டு வயல்கள் ஒவ்வொன்றாகப் பங்களாத் தோட்டங்களாக மாறிய பிறகு கணக்கேட்டில் வேலை இல்லாமல் போகிறது. வேலை இல்லாத ஏரியைப் பராமரிக்க யார் பணம் கொடுப்பார்கள்? மறுபக்கம் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள் என்று புதிதாக ஒரு வகுப்பு வீடு தேடி நிற்கிறது. அவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கொடுப்பதே அன்றைய நகரமைப்பின் உயிர்க்கொள்கை. மனையின் நான்கு பக்கமும் இடம் விட்டு வீடு, அகலச் சாலை, இருபுறமும் மரம், நடந்து போகும் தூரத்தில் பூங்கா. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அந்த நகர் முழு உயிர் பெற்றது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். வேறு வழியும் அன்று பேசப்பட்டது. பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-15-இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். ஊரை இடித்துத் தள்ளி நேர்க்கோட்டுச் சாலை போடாதீர்கள். முதலில் ஊரை நடந்து பாருங்கள், நோய் கண்ட இடத்தை மட்டும் தொடுங்கள், மற்றதைக் காப்பாற்றுங்கள் என்பது அவர் வாதம். அதைப் பாதுகாக்கும் அறுவை சிகிச்சை என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். அந்த அறிக்கைகள் அலமாரியில் இருந்தன. நாங்கள் கையில் எடுத்தது அளவுகோலை. பயிற்சிக் காலத்தில் எனக்கு யாரும் ஒரு ஏரியின் கலங்கல் (மிகுநீர் வழியும் இடம்) எங்கே, மதகு எங்கே என்று குறிக்கச் சொல்லித் தரவில்லை. ஏரியை நீல நிறத்தில் பூசு என்றார்கள். நீலம் என்றால் பின்னால் வேறு நிறம் பூசக்கூடியது. அந்தப் பாடத்தை மறக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

தெற்குமாசி | சனி, காலை 11.02

மதுரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் தெருவின் பெயரே நாள்காட்டி. கோவிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. எந்த மாதத்துத் திருவிழாவில் சாமி எந்த வீதி சுற்றும் என்பதுதான் ஊரின் வரைபடம். மாசி வீதி இவ்வளவு அகலமாக இருப்பது வண்டிகளுக்காக அல்ல, தேருக்காக. நாலு முக்கிலும் தேர் திரும்ப வேண்டும். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்க வேண்டும்.

இதைப் பெருமையாக எழுதும்போதே இன்னொன்றும் எழுத வேண்டும். யார் எந்த வீதியில் குடியிருக்கலாம், யார் ஊருக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதும் அதே வரைபடத்தில்தான் இருந்தது. கோவிலுக்கு எவ்வளவு பக்கம் என்பது மனிதர்களின் அந்தஸ்தை அளக்கும் அளவுகோல். 1939-இல் ஆலய நுழைவு நடக்கும் வரை அந்த நடுப்புள்ளிக்குள் கால் வைக்கவே சிலருக்கு அனுமதியில்லை. அழகான அமைப்பு, அநியாயமான அமைப்பு. இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பிறகு கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, வந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்க முடிவு செய்தார். இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலமே கிடைக்கும் என்று அறிவித்தார். சுவர் போன இடம்தான் வெளி வீதி. வேலையை மேற்பார்த்த மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் தெருப் பெயர்களாக இருக்கின்றன. நாயக்கர் காலம் சுவரை அரணாகப் பார்த்தது. கும்பினிக்கு அது ஊர் வளர்ச்சிக்குத் தடை. மாம்பலத்தார் கேட்ட 'சும்மா கிடப்பது' இதுதான். ஒரு தலைமுறைக்கு உயிர்காப்பு, அடுத்த தலைமுறைக்கு இடைஞ்சல்.

கிராமக்கணக்கு | சனி, மதியம் 1.30

கிராம நிர்வாகத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றி மட்டும்.

புறம்போக்கு. வரிக்கணக்குக்குப் புறமாகப் போன நிலம். அதாவது யாருக்கும் பட்டா இல்லாதது, அதனாலேயே எல்லாருக்கும் பாத்தியப்பட்டது. பதிவேட்டில் அதில் எத்தனை வகை! ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, தோப்புப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, மந்தைவெளி. ஒரு ஊர் உயிரோடு இருக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்தப் பட்டியலில் இருக்கும். நெல் அடிக்க, மாடு மேய, செத்தால் புதைக்க.

வருமானம் தராத நிலம் உபயோகமில்லாத நிலம் என்ற எண்ணம் ஊறிய பிறகு, அந்தச் சொல் மனிதனைத் திட்டும் சொல்லாகிவிட்டது. என் பணிக்காலத்தில் எந்தப் புதிய கட்டடத்துக்கு இடம் கேட்டாலும் முதலில் 'புறம்போக்கு எங்கே இருக்கிறது' என்றுதான் கேட்பார்கள். நிலம் எடுப்புச் செலவு இல்லை, வழக்குப் போட உரிமையாளர் இல்லை. பஸ் நிலையங்களும் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் ஏரிகளில் உட்கார்ந்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை. அந்தப் பதிவேடே போதும்.

சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. மந்தை நின்ற வெளி.

செம்பருத்தி | சனி, இரவு 10.20

பகல் முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் நிலத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் அந்த நிலத்தில் குடியிருந்தவள்.

ஆற்றோரத்தில் பிறந்தேன். நகரின் தெற்கே வெகுதூரத்தில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எங்களை மாற்றினார்கள். அப்போது எனக்குப் பதினேழு வயது. பள்ளியில் பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. லாரியில் பீரோவும் பாத்திரமும் போயின, நாங்களும் போனோம். அம்மா நான்கு வீடுகளில் வேலை பார்த்தார். அங்கிருந்து அந்த வீடுகளுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர முடியாது. முதல் மாதத்திலேயே மூன்று வீடுகள் போயின. வீட்டுக்குள் கழிப்பறை கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆற்றோரத்தில் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு காத்திருந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி, சீட்டுப் பிடித்த அக்கா, கடன் கொடுத்த மளிகைக்கடை அண்ணாச்சி எல்லாம் இருபது கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டன. வேலைக்கு விண்ணப்பம் போட்டால் முகவரியைப் பார்த்தே முகம் மாறியது. இரண்டு வருடம் தோழியின் முகவரியைத்தான் எழுதினேன்.

என் பெரியம்மாவின் கதை வேறு. 1970-களில் அவர்கள் இருந்த குப்பத்திலேயே, குடிசைகளை எடுத்துவிட்டு மூன்று மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். சுவரில் 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அந்த வாசகத்தை வைத்துத்தான். வீடு சின்னது, மழைக்குச் சுவர் ஊறும், படிக்கட்டு குறுகல். ஆனால் அதே தெரு, அதே பஸ் நிறுத்தம், அதே ஆட்கள். நொச்சிக்குப்பத்தில் மீனவர்களுக்குக் கடலுக்கு எதிரிலேயே மாடி வீடுகள் வந்ததும் அதே காலத்தில்தான். வலையையும் படகையும் விட்டுவிட்டு வா என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஏழை நகரத்துக்குள் இருக்கலாம், வீடுதான் மாற வேண்டும் என்று நினைத்தார்கள். எங்கள் காலத்தில் வீடு தருகிறோம், நகரத்துக்குள்தான் இருக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. முப்பது வருடத்தில் என்ன நடந்தது? வரைபடம் வரைந்தவர் ஒருவர் இங்கே இருக்கிறார். அவரிடமே கேட்கிறேன்.

வரைமேசை | ஞாயிறு, காலை 5.40

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தூக்கம் வரவில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் அமைந்தது, அடுத்த ஆண்டு அதற்கான சட்டம் வந்தது. குடிசைவாசிகளின் வாக்கும் உழைப்பும் அன்றைய தி.மு.க. ஆட்சியின் அடித்தளம். மாடி வீடு என்பது அன்று மரியாதையின் அடையாளம்: வசதியானவனைப் போல நீயும் கான்கிரீட் கூரைக்குக் கீழே இரு என்பது. 1977-இல் உலக வங்கிக் கடன் வந்தது. வங்கி வேறு கணக்குப் போட்டது. வீட்டை அரசு கட்ட வேண்டாம். மனை, குடிநீர், கழிவறை, சாலை கொடுங்கள், வீட்டை அவர்களே கட்டிக்கொள்வார்கள், தவணையும் கட்டுவார்கள் என்றது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைப்பிரிவுகள் அப்படி வந்தவை. எனக்கு அந்த வேலையில் உண்மையான பெருமை உண்டு. ஒரே மனைப்பிரிவுக்குள் சின்ன மனையும் பெரிய மனையும் கலந்திருக்கும்படி வரைந்தோம். கூலித் தொழிலாளியும் எழுத்தரும் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். இன்று போய்ப் பார்த்தால் சின்ன மனைகளில் இரண்டு மாடி, மூன்று மாடி எழுந்திருக்கிறது.

பிறகு நகருக்குள் நிலத்தின் விலை ஏறியது. ஆற்றோரம் சாலைக்கும் மேம்பாலத்துக்கும் வேண்டியிருந்தது, பிறகு 'அழகுக்கு' வேண்டியிருந்தது, வெள்ளம் வந்தபின் 'பாதுகாப்புக்கு' வேண்டியிருந்தது. மூன்று காரணங்களுக்கும் ஒரே பதில் கிடைத்தது: தெற்கே சதுப்பு நிலத்தின் ஓரம் அரசு நிலம் இருக்கிறது, அங்கே அடுக்கு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஓரிடத்தில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் என்று வாய்ப்பாடு மாறியது. ஏன் என்று கேட்டீர்கள். 1970-இல் குடிசை நின்ற நிலத்துக்கு இவ்வளவு விலை இல்லை. விலை வந்ததும் அது உங்கள் வீடாகத் தெரியவில்லை, காலி செய்யப்பட வேண்டிய மனையாகத் தெரிந்தது. 2021-இல் வாரியத்தின் பெயரில் 'குடிசை' போய் 'நகர்ப்புற வாழ்விடம்' வந்தது. நல்ல பெயர். வாழ்விடம் என்றால் பஸ்ஸும் பள்ளியும் வேலையும் சேர்ந்தது என்று அந்தப் பெயருக்கு உண்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

நான் நேரடியாக அந்த வரைபடங்களில் வேலை செய்யவில்லை. பக்கத்து மேசையில் அவை விரிந்து கிடந்ததைப் பார்த்தேன், எதுவும் சொல்லவில்லை.

நடுவக்கரை | ஞாயிறு, காலை 8.10

அண்ணா நகர்வாசி. இங்கே போகிற போக்கு எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

எங்கள் பேட்டை இருந்த இடம் நடுவக்கரை என்ற கிராமம். 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்தது, அதற்கென்று எழுந்த கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்கிறது. பிறகு வீட்டுவசதி வாரியம் அகலச் சாலைகளோடு மனைகளைப் பிரித்தது. என் அப்பா அரசு அச்சகத்தில் கம்பாசிட்டர். அவருக்கு இங்கே குறைந்த வருவாய்ப் பிரிவில் வீடு ஒதுக்கினார்கள். அச்சுக்கோத்த விரல்களோடு அவர் அந்தச் சாவியை வாங்கிய நாளை நான் மறக்க மாட்டேன். அந்த வயலையும் ஏரியையும் அப்படியே விட்டிருந்தால் நாங்கள் எங்கே இருந்திருப்போம்? கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த இலட்சக்கணக்கானவர்கள் வானத்திலா குடியிருப்பார்கள்? சாதி கேட்காமல், குலுக்கலில் வீடு கொடுத்த திட்டம் அது. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைக் குலுக்கல் முடிவு செய்த முதல் தலைமுறை நாங்கள். அதை இலேசாக எடைபோடாதீர்கள்.

முகப்பேரிலிருந்து | ஞாயிறு, காலை 8.45

எங்கள் முகவரியே 'ஏரித் திட்டம்'. தபால்காரர் முதல் சமையல் எரிவாயு கொண்டுவருபவர் வரை அப்படித்தான் சொல்கிறார்கள். என் மகள் ஆறு வயதில் கேட்டாள்: ஏரி எங்கே அப்பா? காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

இளவேனில் | ஞாயிறு, மாலை 4.05

நகரமைப்பு முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நடுவக்கரை ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஒரு வரியைத் தவிர. ஏரியா வீடா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்பதை. பெரிய பங்களாத் தோட்டங்களை யாரும் தொடவில்லையே. ஏரிக்கு வழக்குப் போட ஆள் இல்லை என்று கிராமக்கணக்கு ஐயா சொன்னாரே, அதுதான் முடிவு செய்தது.

பாடப்புத்தகத்தில் காலவரிசை அழகாக இருக்கும்: கோட்டைக் காலம், தோட்ட நகரக் காலம், மேம்பாலக் காலம், சுற்றுச்சூழல் காலம். சென்னையில் நடந்து பார்த்தால் அப்படி இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது. 1973-இல் ஜெமினி மேம்பாலம் திறந்தபோது அது நகரின் பெருமை. சினிமாவில் சென்னையைக் காட்ட அதைக் காட்டினார்கள். ட்ராம் நின்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன, இனி வேகம் என்றால் கார் என்ற நம்பிக்கை. 1990-களில் பறக்கும் ரயில் வந்தது. பொதுப் போக்குவரத்து என்ற நல்ல நோக்கத்துக்காகப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். 1877-78 தாது வருடப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய் அது. அதிலும் யாரிடமும் நிலம் எடுக்க வேண்டியதில்லை. புறம்போக்கு.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஊர்க்காரர்கள் கழுவெளி என்று பெயர் சொல்லி அழைத்த இடம். அரசுக் கணக்கில் தரிசு. ஒரு மூலையில் நகரத்தின் குப்பை, இன்னொரு பக்கம் கட்டடங்கள், நடுவே சாலை. 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடு ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே சதுப்பு, அதே நாரை. மாறியது நம் பார்வை. அதிலும் ஒன்று உறுத்துகிறது: சதுப்பின் ஓரத்தில் மென்பொருள் நிறுவனங்களும் இருக்கின்றன, செம்பருத்தி அக்காவைப் போன்றவர்களைக் கொண்டுவந்து விட்ட குடியிருப்புகளும் இருக்கின்றன. 'நீர்நிலைப் பாதுகாப்பு' என்று சொல்லி ஆற்றோரத்திலிருந்து எடுத்தவர்களை இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம்.

பாண்டி பஜாரையும் சொல்ல வேண்டும். 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தி, வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்தார்கள். சாலை நடப்பவருக்கும் உரியது என்று சென்னை சொன்ன அரிதான தருணம். முதல் நாள் மாலை அங்கே தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அந்த நடைபாதையில் பல ஆண்டு பூவும் பொட்டும் பாத்திரமும் விற்றவர்களை 2013-லேயே ஒரு அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பியாகிவிட்டது. நடப்பவருக்கு இடம் கிடைத்தது. நடப்பவரிடம் விற்றவருக்கு இல்லை.

தெற்குமாசி | ஞாயிறு, மாலை 6.30

இளவேனில், நல்ல கண் உனக்கு. ஒன்று சேர்க்கிறேன். சமூகத்தின் மதிப்பு தானாக மாறி, அது வரைபடத்தில் நிழலாக விழுகிறது என்று மட்டும் நினைக்காதே. சில சமயம் வரைபடத்தை முன்னால் போட்டுவிட்டு மனிதர்களை அதற்குள் அழைக்கவும் செய்யலாம். 1997-இல் அறிவித்த சமத்துவபுரம் அப்படி ஒன்று. நூறு வீடு. நாற்பது பட்டியலினத்தவருக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டவருக்கு, இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டவருக்கு, பத்து மற்றவர்களுக்கு. சாதிக்கொரு தெரு கிடையாது, ஒரே மயானம். முதலாவது எங்கள் மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில்தான் எழுந்தது. நான் பல தடவை போயிருக்கிறேன். எல்லாம் தீர்ந்துவிடவில்லை, கல்யாணம் என்று வந்தால் பழைய கோடுகள் தெரியும். ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைகள் ஒரே வாசலில் விளையாடினார்கள். ஊரும் சேரியும் தனித்தனியாக உள்ள கிராமத்தில் அதற்கு வழியே இல்லை.

மாம்பலத்தான் | ஞாயிறு, இரவு 9.50

நான் எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் போய்விட்டது. ஒவ்வொருவருக்கும் நன்றி.

நடுவக்கரை ஐயா, உங்கள் அப்பாவின் சாவியும் என் கொள்ளுத்தாத்தாவின் பத்திரமும் ஒரே வகை. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் செம்பருத்தியின் பதிவைப் படித்த பிறகு என் முதல் கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன். 'சமூகம் எதை வெறுமையாக நினைத்தது' என்று கேட்டேன். சமூகம் என்று எழுதியது தவறு. ஏரியில் மீன் பிடித்தவர்களும் கரையில் துணி வெளுத்தவர்களும் அதை வெறுமை என்று நினைத்திருக்க மாட்டார்கள். மேசையில் அவர்கள் இல்லை. என் கொள்ளுத்தாத்தா இருந்தார், அல்லது அவரைப் போன்றவர்களின் பிரதிநிதி இருந்தார்.

இன்று காலை வள்ளுவர் கோட்டம் வரை நடந்தேன். நுங்கம்பாக்கம் ஏரியின் கடைசித் துண்டைத் தூர்த்து, 1976-இல் திறந்தது. தமிழை உயிராக நினைத்த ஒரு காலம் கல்லில் தேர் செய்து, பக்கத்து அரங்கத்தின் மாடத்தில் 1330 குறளையும் கல்லில் பொறித்தது. அவற்றில் வான்சிறப்பு அதிகாரமும் இருக்கிறது. பத்துக் குறளும் மழையைப் பற்றி. அதைக் கல்லில் கண்டு படித்திருக்கிறேன். தமிழுக்குச் செய்த மரியாதையைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. தண்ணீருக்கும் அந்த மரியாதையைச் செய்திருக்கலாம் என்ற ஏக்கம் மட்டும்.

கோட்டத்துக்குப் பக்கத்திலிருந்து மாம்பலம் கால்வாய் புறப்பட்டு, தியாகராய நகரின் முதுகு வழியாக நந்தனம் பக்கம் போய் அடையாற்றில் சேர்கிறது. பழைய ஏரியின் தண்ணீருக்கு இப்போது இருக்கும் ஒரே பாதை. பாதி இடங்களில் மேலே பலகைக் கல், சில இடங்களில் வீட்டின் பின்சுவர். அதை முழுவதும் நடந்து பார்த்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை, நானும் நடந்ததில்லை. சென்னைக்கு மூன்றாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகிவரும் நேரம் இது. கருத்துச் சொல்வதற்கு முன் ஒரு முறை நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வரும் ஞாயிறு காலை ஆறு மணி, கோட்டத்தின் வாசல். வரைமேசை ஐயா வந்தால் எங்கே கரை, எங்கே கலங்கல் என்று கேட்டுக்கொள்ளலாம்.

வரைமேசை | ஞாயிறு, இரவு 10.15

வருகிறேன். முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பீர்களானால் சரி. என்னிடம் உள்ள பழைய நில அளவை வரைபடத்தின் பிரதியைக் கொண்டுவருகிறேன். ஏரிக்கு நீலம் பூசாத பிரதி.

இளவேனில் | ஞாயிறு, இரவு 10.22

நானும், வகுப்பிலிருந்து நான்கு பேரும்.

செம்பருத்தி | ஞாயிறு, இரவு 11.05

எனக்கும் வர ஆசை. எங்கள் பகுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்து, ஒரு பஸ் மாறி வந்தால் எட்டரை ஆகிவிடும்.

மாம்பலத்தான் | ஞாயிறு, இரவு 11.08

எட்டரைக்குத் தொடங்குகிறோம்.